ஆவணியில் இல்லாத வயல்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருகோணமலையில் எங்கள் வாசகர் வட்டம் ஆண்டு மலர் ஒன்று போடுகிறது. அதற்கு 'இணையத்தில் தகவல் தேடச் சரியான கருவியைத் தெரிவு செய்வது எப்படி' என்று பன்னிரண்டு குறிப்புகள் எழுதித் தரச் சொன்னார்கள். "நீங்க கதை எழுதுற ஆள்தானே, சுவையா எழுதுவீங்க" என்றார் செயலாளர். சுவையாம்! மூன்று குறிப்பு எழுதினேன்.

முதலாவது: எதைத் தேடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளவும். இரண்டாவது: அதற்கேற்ற கருவியைத் தெரிவு செய்யவும். மூன்றாவது: கிடைத்ததை இன்னோர் இடத்திலும் சரிபார்க்கவும்.

வாசித்துப் பார்த்தேன். எழுதின எனக்கே கொட்டாவி வந்தது. நான்காவதை ஓர் உதாரணத்தோடு தொடங்குவோம் என்று, 'கட்டைபறிச்சானைச் சேர்ந்த ஒரு பெண் தன் காணியைப் பற்றிய சான்று ஒன்றைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம், அவர் முதலில்' என்று எழுதி நிறுத்தினேன். அந்தப் பெண் அந்த இடத்திலேயே நின்றுகொண்டாள். தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

[ஒன்பது குறிப்புகள் பாக்கி. செயலாளர் மன்னிக்க வேண்டும்.]

2

தொடக்கம், முதல் முயற்சி:

கொட்டியாற்றுக் குடாவின் மேல் காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள்

வேண்டாம். திருகோணமலையைப் பற்றி எழுத வருகிறவன் எவனும் கடலில்தான் தொடங்குகிறான். நானும் ஆறு கதைகளில் அந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். இவளுக்குக் கடலில் ஓர் அலுவலும் இல்லை, இவள் வயல்காரி.

இரண்டாம் முயற்சி:

"அது எங்கட காணி" என்றாள் யோகமலர். அவள் கண்களில் நீர்

பொய். அவள் அழவில்லை. அழுதாள் என்று எழுதினால் எனக்கு வசதி, அவ்வளவுதான்.

மூன்றாவது. இது நிற்கட்டும்.

யோகமலருக்கு ஐம்பத்தாறு வயது. கலியாணத்தின்போது தகப்பன் சீதனமாகக் கொடுத்த இரண்டு ஏக்கர் வயல்தான் அவளுடைய சொத்து. இரண்டாயிரத்து ஆறில் சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்தபோது அந்த வயலின் அனுமதிப் பத்திரம் வீட்டு அலுமாரியோடு சேர்ந்து எரிந்துபோனது. ஊர் திரும்பியபோது வயலில் ஆளுயரத்துக்குப் பற்றை. அதை வெட்டித் துப்புரவாக்குவதற்கு முன்பே ஓர் அரசாங்கத் திணைக்களம்* வந்து எல்லைக் கல்லைப் போட்டுவிட்டது. 'இது காடு, எப்போதும் காடாகவே இருந்தது' என்றது. மனுவுக்கு மேல் மனுவாகக் கொடுத்து, கடைசியில் இந்த வருடம்தான் விசாரணை என்று ஒன்று வந்தது. இடம்பெயர்வதற்கு முன் அங்கே பயிர் நின்றது என்று காட்டினால் காணி அவளுக்கு. காட்டாவிட்டால் கல்லுக்கு.

* எந்தத் திணைக்களம் என்று கேட்காதீர்கள். நான் உண்டாக்கியது. கல்லையும் நான்தான் போட்டேன், யோகமலர் அதற்காக இன்னும் என்னோடு கோபம்.

3

விசாரணைக்கான மனுவை எழுதியவர் அவளுடைய கணவர் கதிர்காமத்தம்பி. யோகமலர் கையெழுத்துப் போட்டாள். 'மேற்படி காணியில் மழைக்குப் பெரும்போகமும், குளத்து நீருக்குச் சிறுபோகமுமாக வருடம் இரண்டு போகம் விதைத்து வந்தோம்' என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை ஞாபகத்தில் வைத்திருங்கள். நான் ஒளித்து வைக்கிற ஆள் இல்லை, வினை அதில்தான் இருக்கிறது.

சான்று தேடும் வேலை யோகமலருடையது. முதலில் முகநூலில் கேட்டாள். 'எங்கள் வயலின் பழைய படம் யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.' நாற்பது பேருக்கு மேல் கைகூப்பினார்கள். ஒருவர், 'காணி விலைக்கா?' என்று கேட்டார். அடுத்து தேடுபொறியில் ஊர்ப் பெயரையும் வயல் என்ற சொல்லையும் போட்டாள். காணி விளம்பரமும், யாரோ எழுதிய ஊர் வரலாறும் வந்தன.

[தேடுபொறியைத் திட்டக் கூடாது. யாரோ எழுதி வைத்ததைத்தான் அது எடுத்துத் தரும். யோகமலரின் வயலைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. இது ஐந்தாவது குறிப்பாக வந்திருக்க வேண்டும்.]

மூன்றாவதாக, கேட்ட கேள்விக்கு ஆளைப் போலப் பதில் சொல்கிற செயலி. அது அவளை மரியாதையாக வரவேற்றது. 'ஆம், அப்பகுதி விவசாய நிலமாக அரசாங்க வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டுள்ளது' என்று சொல்லி இலக்கமும் திகதியும் தந்தது. அடடா! இவ்வளவு நாளும் இதைக் கேட்காமல் விட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இலக்கத்தை அழகாகப் பிரதி பண்ணி மனுவோடு இணைத்தாள்.

திருகோணமலை நகரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்துப் பழைய கட்டிடம் ஒன்றில் முதலாவது விசாரணை நடந்தது. அதிகாரி அந்த இலக்கத்தைத் தன் கணினியில் தேடினார். அது வேறொரு மாவட்டத்தின் சந்தைக் கட்டணத்தைப் பற்றிய வர்த்தமானி.

"அம்மா, இதை ஆர் உங்களுக்குத் தந்தது?"

"போன் தந்தது ஐயா."

மண்டபம் சிரித்தது. யோகமலருக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தன. சிரிப்பு அடங்குவதற்குள் திணைக்களத்து ஆள் ஒரு படத்தை மேசையில் வைத்தார். வானத்தில் சுற்றும் செய்மதியிலிருந்து எடுத்தது, இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆவணி மாதத்துப் படம். முழுக்கக் காய்ந்த மண்ணிறம், அங்கங்கே பற்றை.

"இரண்டு போகம் விதைச்சதா எழுதியிருக்கிறீங்க. சிறுபோக நெல் வேளாண்மை நிக்க வேண்டிய மாதம் இது. எங்க வேளாண்மை?"

அதிகாரி பாவம், நல்ல மனிதர். இரண்டு வாரம் தவணை கொடுத்தார். வேறு சான்று இருந்தால் கொண்டு வரலாம், இல்லாவிட்டால் அன்றைக்கே முடிவு என்றார்.

கிண்ணியாப் பாலத்தால் பஸ் திரும்பிப் போகும்போது கதிர்காமத்தம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். "சரி, விடு. எங்களுக்கு விதிச்சது அவ்வளவுதான்" என்றார்.

"என்னத்தை விடுறது? என்ர வயலை மேலயிருந்து ஒருக்கால் படம் பிடிச்சவன் இன்னொருக்காலும் பிடிச்சிருப்பான். நான் அதைத் தேடுறன்" என்றாள் யோகமலர்.

இந்த ஒரு பேச்சில் அவள் என் பன்னிரண்டு குறிப்புகளையும் தாண்டிப் போய்விட்டாள். அதுவரை அவள் ஆட்களிடம் கேட்டாள், எழுத்தில் தேடினாள், வாயாடிச் செயலியிடம் ஏமாந்தாள். அவளுக்கு வேண்டியிருந்ததோ படம். அதை எதிராளியே காட்டிக் கொடுத்துவிட்டார்.

4

இங்கே பரீதா வருகிறாள். மூதூர்ச் சந்தியில் தொடர்பாடல் நிலையம் வைத்திருப்பவள். போட்டோக் கொப்பி, இணைய விண்ணப்பம், கடவுச்சீட்டுப் படம், எல்லாம் அங்கே. இவளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கதைக்குக் கணினி வேண்டிய நேரம் பார்த்துக் கணினியோடு ஒருத்தி வந்து நிற்கிறாளே, வாசகர் நம்புவார்களா? இரண்டு தடவை அவளை வெட்டிவிட்டேன். மூன்றாம் தடவை யோகமலர் நேராக அவள் கடைக்கே நடந்து போனாள். பிறகு நான் என்ன செய்ய?

"வாங்கக்கா. நீங்கதானே போன் சொன்னதக் கேட்டு விசாரணைக்குப் போன ஆள்?" என்றாள் பரீதா.

"உனக்கும் வந்துட்டுதா கதை?"

"மூதூரு முழுக்க வந்திரிச்சி. இரிங்க, தேத்தண்ணி குடிங்க. மறுகா பாப்பம்."

பரீதாவுக்கு வாய் பெரிது, விஷயமும் தெரியும். உலகப் படத்தைச் செய்மதியிலிருந்து காட்டுகிற மென்பொருளைத் திறந்தாள். அதில் பழைய வருடங்களுக்குப் பின்னோக்கிப் போக ஒரு வழி உண்டு. ஆனால் முதல் சிக்கல் வருடத்தில் வரவில்லை. யோகமலருக்குத் தன் வயலைக் கண்டுபிடிக்கவே ஏலாமல் போனது. சின்ன வயதிலிருந்து நடந்த வயலை அவள் ஒருநாளும் மேலே நின்று பார்த்ததில்லையே!

"பாலத்தைக் காட்டு" என்றாள் கடைசியில். கட்டைபறிச்சான் பாலம் திரையில் வந்தது. யோகமலர் இரண்டு விரல்களைத் திரையில் வைத்து, ஆள் நடப்பது போல நடத்தினாள். "இதால இறங்கி, இந்த ரோட்டால… இதில திரும்பி… இதில ஒரு மருதமரம் நிண்டது, இப்ப இல்லை… வாய்க்கால் கடந்து…" விரல்கள் நின்றன. "இதுதான்."

பரீதா வருடத்தைப் பின்னுக்கு இழுத்தாள். இரண்டாயிரத்து நான்கு. ஆவணி. திணைக்களம் காட்டிய அதே படம்.

"முகில் ஒண்டுமில்லாமச் சோக்கான படம். ஆனா இதுல வயலே இல்லையேக்கா" என்றாள் பரீதா. அவள் குரல் இறங்கிவிட்டது.

யோகமலர் திரையையே பார்த்தபடி இருந்தாள். பிறகு, "ஆவணியில பாக்காதை. தையில பார்" என்றாள்.

"மாரில முழுக்க முகிலாத்தான் இரிக்கும். தெளிவான படம் கிடைக்கிறது கஷ்டம்."

"கஷ்டமெண்டால் தேடு. நான் வீட்டை போகேல்ல."

தேடினார்கள். இரண்டாயிரத்து இரண்டில் முகில். மூன்றில் படமே இல்லை. நான்கில் பாதி முகில், அந்தப் பாதி சரியாக யோகமலரின் பாதி. பரீதா மதியத் தொழுகைக்குப் போய் வந்தாள். யோகமலர் கதிரையை விட்டு எழும்பவில்லை. பிற்பகல் இரண்டாயிரத்து ஐந்து தை மாதம் திறந்தது.

பச்சை. ஒரு துண்டு முகில் இல்லாத பச்சை. வரம்புகள் கோடு கோடாகத் தெரிந்தன. நடு வரம்பில் ஒரு கோணல் இருந்தது, அவள் தகப்பன் கட்டிய கோணல் அது.

"அள்ளாவே!" என்றாள் பரீதா. "இவ்வளவு துப்புரவா எப்பிடிக்கா எடுத்தானுகள்?"

யோகமலர் மாதத்தை மறுபடி பார்த்தாள். மார்கழியில் சுனாமி வந்தது. அடுத்த மாதம்தான் இந்தத் தை. உலகம் முழுவதும் இந்தக் கரையை மேலே நின்று எட்டிப் பார்த்த நேரம். செத்தவர்களை எண்ணிக்கொண்டிருந்த அந்த மாதத்தில், கரையைப் பிடிக்க வந்த ஒரு கமராவில் உள்ளே நின்ற அவளுடைய வேளாண்மையும் விழுந்திருக்கிறது. சந்தோஷப்படவா, வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பரீதாவின் கையைப் பிடித்து இறுக்கினாள்.

5

இதில் கதை முடிந்திருக்க வேண்டும். படம் கிடைத்தது, அச்செடுத்தாயிற்று, பரீதா இலவசமாக லேமினேட்டும் பண்ணிக் கொடுத்துவிட்டாள். சுபம் என்று போட என் கை போனது. அப்போதுதான் கேட்டேன்: அது சரி யோகமலர், ஆவணியில் பார்க்காதே என்று உனக்கு எப்படித் தெரிந்தது?

ஏனென்றால் அந்த வயல் மானாவாரி. மழைக்கு மட்டும் விளையும். குளத்து வாய்க்கால் அந்தப் பக்கம் போகிறதே தவிர, வயல் மேட்டில் இருப்பதால் ஒரு சொட்டும் ஏறாது. ஆவணியில் அதில் மாடுதான் மேயும். இரண்டு போகம் என்பது ஒருநாளும் இருந்ததில்லை.

முப்பத்து நான்கு வருடத்துக்கு முன், கலியாணப் பேச்சில், யோகமலரின் தகப்பன் "இருபோக வயல்" என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் சீதனப் பேச்சில் மானாவாரியை இருபோகம் என்பது, பெண்ணின் வயதில் இரண்டைக் குறைப்பது போல ஒரு சின்னக் கூட்டல் குறைத்தல். கதிர்காமத்தம்பியின் அக்கா அதைக் கேட்டு மகிழ்ந்து ஊர் முழுக்கச் சொன்னாள். கலியாணம் முடிந்த முதல் ஆவணியில் கதிர்காமத்தம்பி வயலுக்குப் போய் வரம்பில் குந்தியிருந்து பார்த்தார். விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து பெண்சாதியை ஒரு சொல் கேட்கவில்லை. ஆனால் அக்காவிடம் தான் ஏமாந்ததை ஒப்புக்கொள்ளவும் அவருக்கு மனம் வரவில்லை. அந்த வருடம் கந்தளாய்ப் பக்கம் போய் மூன்று மூட்டை நெல்லை விலைக்கு வாங்கி வந்து விறாந்தையில் அடுக்கினார். "சிறுபோகம் எப்பிடித் தம்பி?" என்று அக்கா கேட்டாள். "பரவாயில்லை அக்கா" என்றார். இடம்பெயரும் வரை ஒவ்வோர் ஆவணியும் இது நடந்தது.

[இந்த ஆளை நான் நம்பவில்லை. இத்தனை வருடம் ஒருவன் நெல் சுமப்பானா என்று யோகமலரைக் கேட்டேன். "உங்களுக்கு ஒரு அக்கா இல்லைப்போல" என்றாள்.]

மனு எழுதிய அன்று அந்த அக்கா பக்கத்தில் இருந்தாள். அவளுடைய வயலும் அடுத்த வயல்தான் (குத்தகைக்கு விட்டிருந்தாள், ஒருநாளும் வரம்பில் கால் வைத்ததில்லை), அதுவும் விசாரணையில்தான். ஆகவே கதிர்காமத்தம்பியின் பேனை பழகின பொய்யைத் தானாகவே எழுதிவிட்டது. திணைக்களமும் அந்தப் பொய்யைப் பிடித்துத்தான் ஆவணியைக் காட்டியது. இப்போது தை மாதப் படத்தை மேசையில் வைத்தால் கட்டாயம் ஒரு கேள்வி வரும்: அப்படியானால் ஆவணியில் ஏன் இல்லை?

"தண்ணி வராத வருஷமெண்டு சொல்லுவம்" என்றார் கதிர்காமத்தம்பி.

"அப்ப அவன் அதுக்கு முந்தின ஆவணியைக் காட்டுவான். அதுக்கும் முந்தினதையும் காட்டுவான். ஒவ்வொரு வருஷமும் தண்ணி வரேல்லையோ?"

"பின்னை என்ன, அக்காக்கு முன்னால சொல்லச் சொல்லுறியா? உன்ர அப்பரைக் கள்ளனெண்டும் என்னை மடையனெண்டும் நீயே சொல்லுவியா?"

"ஓம், சொல்லுவன்."

அவர் சாப்பிடாமல் எழும்பிப் போனார். யோகமலருக்குத் தகப்பனின் முகம் நினைவில் வந்தது. அவர் தன் மகளுக்காகச் சொன்ன பொய் அது. அதை மகளே சபையில் உடைப்பதா என்று நெஞ்சு வலித்தது. வலித்தாலும் சோற்றுப் பானையைக் கழுவி வைத்துவிட்டுப் படத்தை எடுத்து, எந்த இடத்தில் விரல் வைத்துப் பேசுவது என்று பழகத் தொடங்கினாள்.

6

அவளுக்கு உதவி செய்ய எனக்கு ஆசை. எழுதுகிறவன்தானே, அந்த மாதிரிச் சலுகைகள் என் கையில் இருக்கின்றன.

முடிவு அ: விசாரணை நாளில் மச்சாளுக்கு, அதாவது கதிர்காமத்தம்பியின் அக்காவுக்கு, காய்ச்சல். அவள் வரவில்லை. யோகமலர் உண்மையைச் சொல்கிறாள், ஊருக்குத் தெரிய

"அவவுக்குக் காய்ச்சலைக் குடுத்து வருத்தாதேங்கோ. அவ வரட்டும்" என்றாள் யோகமலர்.

முடிவு ஆ: திணைக்களத்து ஆள் மனம் மாறி, தானே எழும்பி

இதைக் கேட்டு அவள் சிரித்தாள். பரீதாவும் சேர்ந்து சிரித்தாள்.

முடிவு இ: அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார். படத்தைப் பார்த்து, கையெழுத்து வைத்து

"அவர் மறந்தாலும் நான் சொல்லத்தான் வேணும். பொய்யை வைச்சு வாங்கின காணியை நாளைக்கு வேறொருத்தன் அதே பொய்யைக் காட்டிப் பறிப்பான். நீங்கள் கொஞ்சம் பேசாம இருங்கோ" என்றாள்.

இருந்தேன். அடுத்த பகுதியில் நான் செய்ததெல்லாம் பார்த்து எழுதினது மட்டும்தான்.

7

இரண்டாவது விசாரணை. நீள வாங்கில் முதலில் யோகமலர், பக்கத்தில் கதிர்காமத்தம்பி, அதற்கடுத்து மச்சாள். கணவர் வரமாட்டார் என்று நினைத்திருந்தாள். காலையில் பஸ் நிலையத்துக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

படம் மேசைக்குப் போனது. அதிகாரி கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். திணைக்களத்து ஆளும் குனிந்து பார்த்தார். பிறகு அவர், யோகமலர் நினைத்த கேள்வியையேதான் கேட்டார். "தையில இருக்குது, சரி. ஆவணியில ஏன் இல்லை? இரண்டு போகமெண்டு இவதானே கையெழுத்து வைச்சிருக்கிறா?"

யோகமலர் எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள்.

"ஒரு போகம்தான் ஐயா. மானாவாரி. ஆவணியில அதில மாடுதான் மேயும். இரண்டு போகமெண்டு எழுதினது பொய். என்ர அப்பா என்னைக் கட்டிக் குடுக்கிறதுக்காகச் சொன்ன பொய். நாங்கள் அதை இவற்ர ஆக்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகி உங்களுக்கும் எழுதிப்போட்டம். பிழைதான்." அவள் மேசைக்குப் போய்ப் படத்தில் விரலை வைத்தாள். "ஆனா இது பொய்யில்லை. இது நான் விதைச்சது. இது எங்கட வரம்பு. இந்தப் பக்கம் இருக்கிறது மச்சாளின்ர வயல், அதுவும் பச்சைதான். பாருங்கோ."

மச்சாள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். கதிர்காமத்தம்பி நிலத்தைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, "ஓம் ஐயா, அவ சொல்லுறது சரி. நெல்லு நான்தான் கந்தளாயில இருந்து கொண்டு வந்தனான்" என்றார்.

"மனுவிலேயே பொய்யெண்டால் வேற எதை நம்புறது? இந்த ஒண்டுக்கே தள்ளுபடி செய்யலாம்" என்றார் திணைக்களத்து ஆள்.

அதிகாரி கோப்பின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அதில் முடிவு எழுதுகிற இடம் வெறுமையாக இருந்தது.

இந்த இடத்தில் நான் அவரை எழுப்பி அனுப்பிவிடுகிறேன். கதிரை உங்களுக்கு. தயங்காமல் வந்து இருங்கள், வாசகரே. உங்கள் முன்னால் ஒரு பொய்க் கையெழுத்தும் ஒரு பச்சைப் படமும் இருக்கின்றன. ஆவணியையும் தையையும் பார்த்துவிட்டீர்கள், அவள் வாயால் சொன்னதையும் கேட்டுவிட்டீர்கள். கைத்தொலைபேசியை உள்ளே வையுங்கள். இதற்கான பதிலை எந்தக் கருவியைக் கொண்டு தேடினாலும் கிடைக்காது. அது இன்னும் எங்கேயும் எழுதப்படவில்லை, நீங்கள் எழுதினால்தான் உண்டு.

"இருங்கோ அம்மா, கொஞ்சம் யோசிக்க வேணும்" என்று நீங்கள் சொல்கிறீர்கள்.

"யோசிச்சு எழுதுங்கோ. எழுதி முடியுமட்டும் நான் இதிலயே நிக்கிறன்" என்கிறாள் யோகமலர்.